போனட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

கேள்வி: கையில் இருப்பது 2.25 லட்சம் ரூபாய். கடன் வாங்க விருப்பமில்லை. பள்ளிக்குப் போய்வர தினமும் 16 கிலோமீட்டர்; மாதம் ஒருமுறை அம்மாவை மதுரையில் கண் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். இரண்டு கார்கள் பார்த்திருக்கிறோம். ஒன்று 2012 வேகன் ஆர், பெட்ரோல், ஒரே உரிமையாளர், 91,000 கிலோமீட்டர், விலை 1.95 லட்சம். மற்றது சென்னையிலிருந்து வந்த 2014 டீசல் செடான், 58,000 கிலோமீட்டர், 2.20 லட்சம். செடான் உள்ளே புதிது போல இருக்கிறது. எதை வாங்கலாம்?
– ஓர் ஆசிரியை, மேலூர்

பதில்: சகோதரி, அந்தப் ‘புதிது போல’தான் எனக்கு உதைக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார்கள் முங்கின என்பது ஊரறிந்த கதை. 2016-இல் என் மைத்துனருக்கு இப்படியொரு வண்டியை நானே பார்த்து வாங்கிக் கொடுத்தேன். முப்பது ஆண்டுகள் ஸ்பேனர் பிடித்த கை என்ற திமிர். நான்கே மாதத்தில் முதலில் ஏ.சி. நின்றது, பிறகு கண்ணாடி இறங்கவில்லை. டேஷ்போர்டைக் கழற்றினால் ஒயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது, உள்ளே சுருண்டிருந்த ஒரு முழம் பட்டையில் டிகாக்ஷன் சிந்தியது போன்ற சேற்றுக் கறை. வாங்குவதற்கு முன்பே இழுத்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மைத்துனர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

உங்கள் செடானும் வெள்ளத்தில் நின்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மொத்தமே 58,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் கூடுதல் விலை கொடுத்து டீசல் வண்டி வாங்கியிருப்பாரா? பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். எப்படியிருந்தாலும், மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் வேண்டாம். இன்ஜெக்டர், டர்போ என்று ஒன்று மாற்றி ஒன்று செலவு வைத்தால் மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

வேகன் ஆரைப் பாருங்கள். காலை ஆறரை மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. முதலில் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே வண்டியை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள்; குளிர்ந்த இன்ஜினில் தெரியும் கோளாறு அப்போது தெரியாது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் ஏடு போல வெண்பசை திரண்டிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், மெக்கானிக் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். ஸ்டார்ட் செய்ததும் புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழசானால், பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளங்கள்) தேயாமல் இருந்தாலும் புது டயருக்கான பணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

காகித விஷயம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் வரும்வரை முழுப்பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளரே உங்கள் முன் கையெழுத்துப் போடட்டும். காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது. 2012 வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள், அதாவது 2027 வரை. அதன்பின் தகுதிச் சோதனை, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதைச் சொல்லியே பேரம் பேசுங்கள், 1.80-க்கு இறங்கலாம். மிச்சப் பணத்தைத் தொடாதீர்கள். பேட்டரி, கிளட்ச் என்று முதல் ஆறு மாதத்தில் வண்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஓட்டிப் பார்க்கும்போது அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். வேகன் ஆரின் இருக்கை உயரம் என்பதால் குனிந்து ஏற வேண்டியிருக்காது. ஏறி இறங்கிப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.