ஆர்கானிக் கடைகள் பேசும் சமூகப் பொறுப்பு உண்மையா, வியாபாரத் தந்திரமா?

மண் வளம், விவசாயி நலன், மிருக நலன் என்று ஆர்கானிக் மளிகைக் கடைகள் சொல்வதெல்லாம் மனசார வருவதா, இல்லை விலையை ஏற்றுவதற்கா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போகலாம், ஒன்றும் தெளியாது. அதனால் அமெரிக்காவின் ஆர்கானிக் மளிகைச் சங்கிலிக் கடையான ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது பிறந்த, டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில்தான் நான் குடியிருக்கிறேன். வாரச் சாமான் பெரும்பாலும் எச்-இ-பி என்ற சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினாலும் ஹோல் ஃபுட்ஸுக்கும் போய்வருவது உண்டு.

தந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். வியாபார உத்திதான், அதில் தப்பும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற பொறுப்புக்கு ஆயுசு கெட்டி. கண்ணில் படாததை வெட்டுவது சுலபம். இந்த நிறுவனத்தின் கதையில் எனக்குத் தெரிவது அதுதான்.

ஜான் மேக்கியும் அவருடைய தோழி ரெனே லாசனும் 1978இல் சேஃபர்வே என்று ஒரு சின்னக் கடை போட்டார்கள். பெரிய சங்கிலிக் கடையான சேஃப்வேயைக் கிண்டல் செய்யும் பெயர். 1980இல் இன்னொரு இயற்கை உணவுக் கடையோடு சேர்ந்து அது ஹோல் ஃபுட்ஸ் ஆனது. மொத்தம் 19 ஊழியர்கள். அடுத்த வருஷமே, மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் தின விடுமுறையை ஒட்டிய வெள்ளத்தில் கடை மூழ்கியது. சுமார் 4 லட்சம் டாலர் நஷ்டம், காப்பீடு கிடையாது. வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்தவர்களும் வந்து கழுவிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள், கடன் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், 28 நாளில் கடை திறந்தது. மேக்கி இந்தக் கதையைச் சொல்லாத மேடை இல்லை. சரி, சொல்லட்டும். லாபத்துக்காக மட்டும் நடக்கும் கடைக்கு இப்படி ஊர் திரண்டு வந்திருக்காது என்பதை அவர் அன்றைக்கே புரிந்துகொண்டார்.

அதன்பிறகு செய்தவற்றில் சில நிஜமாகவே துணிச்சலானவை. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதை எந்த ஊழியரும் பார்க்க முடிந்தது. புதிதாகச் சேருபவர் நிரந்தரம் ஆக, அவருடைய குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆதரவாக ஓட்டுப் போட வேண்டியிருந்தது. உயர் நிர்வாகிகளின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. 2006 வாக்கில் அது ஊழியர்களின் சராசரிச் சம்பளத்தைப் போல 19 மடங்கு. நிறுவனத்தின் பங்குகளை முன்பே குறித்த விலையில் வாங்கிக்கொள்ளும் பங்கு உரிமைகள் அந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவற்றின் பெரும்பகுதி நிர்வாகிகள் அல்லாதவர்களுக்கே போனது. மேக்கி 2007 முதல் வருஷத்துக்கு 1 டாலர்தான் சம்பளம் வாங்கினார்.

அப்புறம், கண்ணில் படுகிற பொறுப்பு. லாமர் தெருவும் ஆறாம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் பெரிய கடையின் இறைச்சிப் பகுதியில் போய் நின்றால், விலையோடு, அந்த விலங்கு எப்படி வளர்க்கப்பட்டது என்பதைக் காட்டும் ஒரு எண்ணும் இருக்கும். 1 என்றால் கூண்டும் இல்லை, நெருக்கியடித்து வளர்க்கவும் இல்லை. 3 என்றால் வெளியே போய்வர வழி உண்டு. 4 என்றால் மேய்ச்சல் நிலம். 5+ என்றால் பிறந்ததிலிருந்து அறுக்கும்வரை ஒரே பண்ணை. எண் ஏற ஏற விலையும் ஏறும். இங்கே வந்திருந்த என் மாமியார் ஒருதரம், "கோழிக்கும் மார்க் போடுவாங்களா மாப்ள?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் கூடுதல் காசு எதற்கு என்று அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உத்தியும் பொறுப்பும் ஒரே சீட்டில் அச்சாகியிருக்கும் இடம் அதுதான்.

இந்த மாதிரிக் கூடுதல் காசுதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கியது. சுற்றுவட்டார உற்பத்தியாளர்களுக்குக் குறைந்த வட்டிக் கடன் (2006), வெளிநாடுகளில் குறுங்கடன் கொடுக்கும் ஹோல் பிளானட் அறக்கட்டளை (2005), உயிரோடு இருக்கும் சிங்கி இறாலை விற்பதில்லை என்ற முடிவு (2006), எல்லாம் வியாபாரம் கொழித்த காலத்தவை. 2007இல் போட்டியாளரான வைல்ட் ஓட்ஸை 56.5 கோடி டாலருக்கு வாங்கியபோதுதான், மேக்கி பல வருஷம் இணையத்தில் புனைபெயரில் தன் நிறுவனத்தைப் புகழ்ந்தும் வைல்ட் ஓட்ஸை மட்டம் தட்டியும் எழுதிவந்தது வெளியே வந்தது. நல்லவர் வேஷம் என்று அன்றைக்கே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அது அற்பத்தனமாகத் தெரிகிறதே தவிர, சம்பளப் பட்டியலைத் திறந்துவைத்தது அதனால் பொய்யாகிவிடாது.

அடி விழுந்தது வேறு பக்கத்திலிருந்து. 2002 அக்டோபரில் அமெரிக்க வேளாண் துறையின் ஆர்கானிக் முத்திரை நடைமுறைக்கு வந்தது. அதுவரை "இது நிஜமாகவே ஆர்கானிக்தானா?" என்ற சந்தேகத்துக்கு, கடையின் பெயர்தான் பதில். முத்திரை வந்தபிறகு பதில் பொட்டலத்திலேயே இருந்தது. அதே முத்திரையோடு அதே கேரட்டை யாரும் விற்கலாம். மற்ற பெரிய சங்கிலிக் கடைகளும் வந்தன: வால்மார்ட் 2006இல் ஆர்கானிக்கைப் பெரிதாகக் கொண்டுவந்தது, க்ரோகர் 2012இல் சிம்பிள் ட்ரூத் என்ற சொந்தப் பெயரில் இறங்கியது, காஸ்ட்கோவின் ஆர்கானிக் விற்பனை 2015 வாக்கில் 400 கோடி டாலரைத் தொட்டது. ஆர்கானிக்குக்கு நாடு முழுக்க ஒரே தரம் வர வேண்டும் என்று பாடுபட்டவர்களில் ஹோல் ஃபுட்ஸும் ஒன்று. சமூகத்துக்கு நல்லது, கடைக்குக் கேடு. தன் காலில் தானே போட்டுக்கொண்ட கோடாலிதான், ஆனாலும் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

விலை அதிகம் என்ற கெட்ட பெயர் ஏற்கனவே இருந்தது. 2015இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை, முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைத்திருந்த 80 வகைப் பொருட்களை நிறுத்துப் பார்த்தது. எல்லா வகையிலும் சீட்டில் போட்டிருந்த எடை தப்பு. நிறுவனத்துக்கு அப்போது இருந்த இரண்டு தலைமை நிர்வாகிகளும் வீடியோவில் வந்து தவறு நடந்தது என்று ஒப்புக்கொண்டார்கள், 5 லட்சம் டாலர் கட்டி வழக்கு முடிந்தது. கோழிப் பண்ணைவரை போய்ப் பார்க்கிற கடையில் தராசு சரியில்லை என்பதை வாடிக்கையாளர்கள் லேசில் விடவில்லை. பழைய கடைகளின் விற்பனை சரிந்துகொண்டிருந்தது, 2017இல் ஜனா பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கி நெருக்கடி கொடுத்தது. ஆகஸ்டில் அமேசான் 1,370 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. முதல் நாளே வாழைப்பழம், அவகாடோ விலையைக் குறைத்தார்கள்.

இனி எது நின்றது, எது போனது என்று பாருங்கள். இறைச்சியின் எண் இன்றும் இருக்கிறது. செயற்கை நிறமும் சுவையூட்டியும் கூடாது என்ற தடைப்பட்டியல் இருக்கிறது. இரண்டும் எடுத்துவிட்டால் அது சாதாரண சூப்பர் மார்க்கெட் ஆகிவிடும் என்று அமேசானுக்கும் தெரியும். 2018 நவம்பரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் ஆனது. குறைந்த கூலிக்காக அமேசானை அரசியல்வாதிகள் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. சில மாதத்தில், வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ஊழியர்கள் சொல்வதாகச் செய்தி வந்தது. 2020 ஜனவரி முதல், வாரம் 30 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்றார்கள். சுமார் 1,900 பேர். கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

அதனால் உங்கள் ஊர் ஆர்கானிக் கடையை எடை போட நினைத்தால், சுவரில் மாட்டியிருக்கும் விவசாயி படத்தை விட்டுவிடுங்கள். சரக்கு கொடுப்பவருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது, கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு வாரவிடுமுறை உண்டா, அறுவடைச் சமயத்தில் சந்தை விலை இறங்கும்போது விவசாயிக்குப் பேசிய விலையையே கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கடைக்காரர் நெளிந்தால் ஊழியரிடம் கேளுங்கள், அவர்கள் சொல்லிவிடுவார்கள்.