பழந்தின்னி வௌவாலுக்கும் ஓடில்லாத நத்தைக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம்தான். இரண்டும் பெரும்பாலும் இரவில்தான் இரை தேடும், இரண்டுக்கும் தாவர உணவு பிடிக்கும். அதோடு சரி.

வௌவால் நம்மைப் போல முதுகெலும்புள்ள பாலூட்டி. ஓடில்லாத நத்தைக்கு எலும்பே கிடையாது; மீன் சந்தையில் பார்க்கிறோமே கணவாய், அதுதான் இதற்குச் சொந்தம்!

எனக்குச் சுவாரசியமாகப் படுவது வாய்தான். நம் ஊர் ஆலமரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால், பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டு நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். சிறு விதைகள் வயிற்றுக்குள் போய், எச்சத்தோடு வேறெங்கோ விழுந்து முளைக்கும். நத்தைக்கு நாக்கு போன்ற ஒரு பட்டை; அதில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள். அரம் போல இலையைச் சுரண்டித் தின்னும். பல் தேயத் தேயப் பின்னாலிருந்து புதியது வந்துகொண்டே இருக்கும். (பொறாமையாக இல்லை?)

வௌவால் என்றாலே எதிரொலி என்று நினைக்கிறோம். இந்தப் பெரிய வௌவாலோ கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பழம் தேடுகிறது. நத்தைக்கு அந்த வேலையை இரண்டு ஜோடி உணர்கொம்புகள் செய்கின்றன.

அப்புறம் இனப்பெருக்கம். இந்த வௌவால் பொதுவாக வருடத்துக்கு ஒரே குட்டி போடும். நத்தை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், இணை சேர்ந்த இரண்டுமே முட்டையிடலாம். மழைக்காலத்தில் தோட்டத்தில் அவை மளமளவென்று பெருக இதுவும் ஒரு காரணம்.