வாசகர் கேள்வி–பதில்: வாடைக்கு முன் வீட்டைச் சீர்செய்தல்

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். 80 வயதைக் கடந்த என் தாயார் ரேழியை அடுத்த அறையில் படுத்துக்கொள்கிறார். கார்த்திகை பிறந்ததும் அந்த அறை சில்லிட்டுப்போய், சுவரெல்லாம் ஓதம் காத்துவிடுகிறது. ரூம் ஹீட்டர் வாங்கலாமா? மின் கட்டணத்தை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானது. 2000 வாட் ஹீட்டர் ஓர் இரவில் 8 மணி நேரம் தொடர்ந்து ஓடினால் 16 யூனிட் ஆகும். 30 இரவுகளுக்கு 480 யூனிட். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடிவிடுகிறது. இவ்வளவு செலவழித்தும், சூடான காற்று மேலெழும்பி ஓட்டிடுக்குகள் வழியே வெளியேறிவிடும் என்பதால், அம்மாவுக்குக் கிடைக்கும் கதகதப்பு சொற்பமே.

காவிரிப் படுகையில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியிருந்தும் உடல் நடுங்குவதற்குக் காரணம் ஈரம். ஒரு லிட்டர் நீர் சுவரிலிருந்து ஆவியாகிக் காய்வதற்கு ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சுவர் தன்னிடமிருந்தும் அறையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஈரச்சுவர் உள்ள அறையில் ஹீட்டர் வைப்பது, பெரும்பாலும் சுவரைக் காய வைப்பதற்காக மின்சாரம் செலவழிப்பதாகவே முடியும். முதலில் சுவருக்குள் நீர் எந்த வழியாக வருகிறது என்று பார்த்து அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

ஓட்டு வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம், முற்றத்தைச் சுற்றி இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாய். அங்குள்ள தகட்டின் மேல் மாவிலையும் தென்னம்பூவும் விழுந்து மக்கி அடைத்துக்கொள்ள, ஐப்பசி மழை வழிந்தோட வழியின்றித் தேங்கி, ஓட்டுக்கு அடியில் புகுந்து, ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் வழியே சுவருக்குள் இறங்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு ஓடு முழுதாகவே தெரியும். ஏணி வைத்து ஏறி, குப்பையைக் கையால் அள்ளி, தகட்டில் துருவேறிய துளை இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை புலப்படும். உடைந்த ஓடுகளை மாற்றும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். மழை தொடங்கிய பின் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் ஈர ஓட்டின் மேல் அவரை ஏறச் சொல்வது முறையாகாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் ஓடு பறந்த இடத்தில் அவசரத்துக்குத் தகர ஷீட் போட்டவர்கள், இரவில் அது விரைவாகக் குளிர்ந்து அடிப்பக்கம் நீர் கோத்துச் சொட்டுவதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நீர் வரும் இரண்டாவது வழி தரை; மண்ணின் ஈரம் அங்கிருந்து சுவருக்குள் மேலேறும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் ஓதம் தெரிந்ததும் பலர் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். சிமெண்ட் பூச்சுக்குப் பின்னால் சிக்கிய ஈரம் வெளியேற முடியாமல், பூச்சு முடியும் உயரத்துக்கும் மேலே ஏறும். சுண்ணாம்புக் காரை பூசிச் சுண்ணாம்பு அடிப்பதே அத்தகைய சுவருக்கு ஏற்றது. அது ஈரத்தை வெளியே விடும். கொல்லைப்புறத்தில் சுவரை ஒட்டி மண் மேடிட்டிருந்தால் வெட்டி எடுத்து, தாழ்வாரத்து நீர் சுவரை விட்டு விலகி ஓடுமாறு வாட்டம் கொடுங்கள்.

இவ்விரண்டும் முடிந்த பிறகு, அந்த ஓர் அறைக்கு மட்டும் கைமரத்துக்குக் கீழே மூங்கில் பாயாலோ பலகையாலோ மச்சு போல் ஒரு மறைப்புக் கட்டுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னலின் மரக்கதவுச் சந்துகளில் ரப்பர் பட்டை ஒட்டினால் வாடை நேரே படாது. அம்மா தரையில் படுப்பவரானால், கோரைப்பாய்க்கு அடியில் கனத்த ஜமுக்காளமும் மேலே மெத்தையும் போடுங்கள். குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, மூடிய அறையில் வைக்கும் வழக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்கக்கூடும்.

கேள்வி: என் மகள் கனடாவில், டொராண்டோவில், பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறாள். ஜன்னல்களை எல்லாம் மாற்றினால்தான் குளிருக்குத் தாங்கும் என்கிறார் மாப்பிள்ளை. நாங்கள் ஐப்பசியில் அங்கே போகிறோம். நாங்கள் கூடமாட இருந்து செய்யக்கூடியது ஏதும் உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு, அம்மா. ஆனால் ஜன்னலை மாற்றுவது பட்டியலின் கடைசியில் இருக்கட்டும்; அதற்காகும் பெருந்தொகை எரிபொருள் மிச்சத்தில் திரும்பி வர மிகப் பல ஆண்டுகள் பிடிக்கும். கனடாவில் ஒரு வீடு செலவிடும் எரிசக்தியில் 60 சதவீதத்துக்கும் மேல் அறைகளைச் சூடாக்குவதற்கே போகிறது என்பதால், அந்தச் சூடு எங்கே வெளியேறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

வீட்டினுள் சூடான காற்று மேலேறி, கூரைக்கு அடியிலுள்ள பரணுக்குச் செல்லும் மூடிக்கதவு, விளக்குப் பொருத்திய துளை, குழாய் போகும் சந்து ஆகியவற்றின் வழியே வெளியேறும். அப்படி வெளியேறிய அளவுக்குக் கீழ்த்தளத்தின் இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். மேலே உள்ள ஓட்டைகளை அடைத்தால் கீழே வரும் குளிரும் குறைவது இதனால்தான். இதற்குத் தாங்கள் கும்பகோணத்திலிருந்து எடுத்துப்போகும் ஊதுபத்தியே போதும். காற்று பலமாக வீசும் நாளில் கதவு ஜன்னல்களைச் சாத்தி, சமையலறைப் புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, ஊதுபத்தியை ஒவ்வொரு சட்டத்தின் ஓரமாகவும் திரைச்சீலையில் படாதபடி மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை நேராக எழுந்தால் குறையில்லை. ஓரிடத்தில் அது வளைந்து அறைக்குள் திரும்பினால் அங்கே சந்து இருக்கிறது. அசையாத சட்டத்துக்கு இடுக்கை அடைக்கும் பூச்சுப் பசையும், திறந்து மூடும் கதவுக்கு நுரைப்பட்டையும் இட வேண்டும். பூச்சுப் பசைகளில் பல, 5 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிப்பதில்லை. ஐப்பசி முடிவதற்குள் இந்த வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

சந்துகளை அடைத்த பிறகே பரண் தளத்தில் வெப்பக்காப்புப் பஞ்சைக் கூட்ட வேண்டும். வரிசை மாறினால், வீட்டினுள்ளிருந்து ஏறும் ஈரக்காற்று பரணில் குளிர்ந்து நீராகி மரத்தைக் கெடுக்கும். நம் சமையலில் சோறு, சாம்பார், இட்லி எனப் பகல் முழுவதும் ஆவி கிளம்புவதால், அடுப்பெரியும் நேரமெல்லாம் சமையலறைப் புகைபோக்கி விசிறி ஓடட்டும். தோட்டக் குழாய்க்குப் போகும் நீரை உள்ளிருந்தே அடைத்து, மிச்ச நீரை வடித்துவிடச் சொல்லுங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்றும் மாப்பிள்ளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடட்டும்.

கேள்வி: காலை 5 மணிக்குப் போடும் 25 லிட்டர் கீசரை 9 மணிக்குத்தான் நிறுத்துகிறோம். இதனால் நஷ்டமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஆம். 25 டிகிரியில் உள்ள 20 லிட்டர் வாளி நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.35 யூனிட் போதும். தொட்டி முழுவதையும் 60 டிகிரிக்கு ஏற்ற 1 யூனிட் ஆகிறது. குளித்து முடித்த பிறகும் அது காலியான அளவுக்குத் திரும்பத் திரும்பச் சூடேறி, யாரும் தொடாமலே ஆறிப்போகிறது. அனைவரும் அடுத்தடுத்துக் குளித்து, கடைசி ஆள் உள்ளே நுழையும்போதே சுவிட்சை நிறுத்திவிடுங்கள். கொல்லையில் வெந்நீர் அடுப்பும், காய்ந்த மட்டையும் பாளையும் இருந்தால் விடுமுறை நாள்களில் கீசர் பக்கமே போக வேண்டியதில்லை. கிணற்று நீர் உப்பாக இருந்தால், உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பியில் படியும் உப்புப் படிவத்தை ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கைக் கொண்டு சுரண்டி எடுத்துவிடுங்கள்.