பார்வைக் குறைவு, கேட்கும் சிரமம், வாசிப்புத் தடுமாற்றம் உள்ள பிள்ளைகளோடு சேர்த்து ஒரே வகுப்பில் பாடம் நடத்த என்ன கருவிகள் வேண்டும்?

கேள்வி: மும்பை தாராவியில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். 42 பிள்ளைகள். ஒரு பையனுக்குப் பார்வை மிகக் குறைவு. ஒரு பெண்பிள்ளை காது மெஷின் போட்டிருக்கிறாள். நாலைந்து பேர் வாசிக்கத் தடுமாறுகிறார்கள். பள்ளியில் ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர் இருக்கின்றன. என்னிடம் ஒரு ஆண்ட்ராய்டு போன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

ஆப் தேடுவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள், டீச்சர். முதலில் உங்கள் நோட்ஸ் எந்த எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்வழி வகுப்புகளில் பாதிக் கருவிகள் வேலை செய்யாமல் போவது இந்த இடத்தில்தான்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினி சேமித்து வைத்திருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளை. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் ஒப்பிக்கும். அதைக் கேட்கிற பையன் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துவிடுவான். மராத்தி டீச்சர் ஸ்ரீலிபியில் அடித்துக் கொடுத்தாலும், இந்தி டீச்சர் கிருதி தேவ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்தாலும் இதே கதைதான்.

சோதிப்பது எளிது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யுனிகோட், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறை; கவலையில்லை. ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் மாற்ற வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் இலவசம், பாமினி, டாப், டாம், வானவில் போன்ற பழைய முறைகளை யுனிகோடுக்கு மாற்றும். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் விசை என்று எண்ணி உளறலாக மாற்றிவிடும். ஆங்கிலம் கலந்த பத்திகளைத் துண்டு துண்டாக மாற்றி, ஆங்கிலச் சொல்லைக் கையால் அடியுங்கள்.

யுனிகோடிலும் ஒரு பொறி இருக்கிறது. ஔவை என்பதை ‘ஒ’ போட்டு அடுத்து ‘ள’ போட்டு அடிப்பவர்கள் பலர். பார்க்க வித்தியாசம் தெரியாது. கணினிக் குரல் ‘ஒள-வை’ என்று படிக்கும். கௌதமன் ‘கெள-தமன்’ ஆவான். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருந்தால் ‘கால்’ என்பது ‘கரல்’ ஆகும். இவற்றைக் கண்ணால் பிடிக்க முடியாது, காதால்தான் பிடிக்க முடியும். நோட்ஸ் முடிந்ததும் கோப்பை வேர்டில் வெப் பேஜ் ஆகச் சேமித்து, மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் திறந்து, ‘சத்தமாக வாசி’ வசதியில் தமிழ்க் குரலை வைத்து ஒரு முறை கேளுங்கள். பிழை உடனே உறுத்தும். பிள்ளைக்குக் கொடுப்பது வேர்ட் கோப்பாகவே இருக்கட்டும்.

பாடநூல் பிடிஎஃப்பை அப்படியே நகலெடுத்தால் பெரும்பாலும் சிதையும். பிடிஎஃப்பில் இருப்பது எழுத்தின் வடிவமும் இடமும்தான். ‘கொ’ போன்றவற்றில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து வரும். அதோடு மல்லுக்கட்டாமல் பக்கத்தைப் படமாக எடுத்து எழுத்தாக மாற்றுவதே சுருக்கு வழி. படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் அதன் மேல் வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுங்கள். தமிழை நன்றாகவே பிடிக்கும். பக்கம் நேராக இருக்க வேண்டும், நிழல் விழக்கூடாது, கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. இரண்டு பத்தி வரிசை உள்ள பக்கத்தைப் பாதியாக வெட்டி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இடது வரியும் வலது வரியும் கலந்துவிடும். காப்புரிமைக்கு அஞ்ச வேண்டாம்: 2012 திருத்தத்துக்குப் பிறகு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனுள்ள மாணவர் படிப்பதற்காக நூலை அவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு லாப நோக்கமின்றி மாற்ற அனுமதிக்கிறது.

வேர்டில் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற ஸ்டைலைக் கொடுங்கள். என்விடிஏ என்ற திரை வாசிக்கும் மென்பொருளில் பையன் எச் விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும் (வேர்டுக்குள் முதலில் இன்செர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி உலாவல் முறைக்கு வர வேண்டும்). படங்களை ‘வரியோடு வரியாக’ வையுங்கள்; மிதக்கும் பெட்டியில் உள்ளதை மென்பொருள் தவறான இடத்தில் வாசிக்கும், சில நேரம் வாசிக்கவே செய்யாது. படத்துக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாக மென்பொருள் வாசிக்கும் விளக்கம்) எழுதும்போது ‘இதயத்தின் படம்’ என்று முடிக்காதீர்கள். ‘நான்கு அறைகள். மேலே இரண்டு ஏட்ரியம், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள். வலப்பக்க ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது’ என்று, அந்தப் படத்தைக் காட்டிக் கேட்கப்போகும் கேள்விக்கு வேண்டியதை எழுதுங்கள்.

இனி அந்தப் பையன். பார்வை கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக நாள் முழுக்கக் கண்ணால் வாசிக்க வைக்க வேண்டாம். முதல் இரண்டு பீரியடுக்குள் கண் களைத்துவிடும். பெரிதாக்கிப் பார்ப்பதும் காதால் கேட்பதும் இரண்டுமே அவன் கைவசம் இருக்கட்டும். விண்டோஸில் விண்டோஸ் விசையும் கூட்டல் குறியும் அழுத்தினால் உருப்பெருக்கி வரும். கன்ட்ரோல், ஆல்ட், ஐ சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகும். வெளிச்சம் கூசும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. போனில் ‘செலக்ட் டு ஸ்பீக்’ போதும், வேண்டிய பத்தியைத் தொட்டால் வாசிக்கும். திரை முழுவதையும் வாசித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கினால் போனின் தொடுமுறையே மாறிவிடும், ஒரு தொடலில் திறக்காது. பழகாத பிள்ளை மிரண்டுபோகும். அதற்கு ஒரு வாரம் தனியாகப் பயிற்சி கொடுத்த பிறகே வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எதுவானாலும் கூகுளின் தமிழ்க் குரலை முதலில் இறக்கி வைக்க வேண்டும். இறக்காவிட்டால் தமிழ் வரிகள் வரும்போது குரல் ஊமையாகிவிடும், போன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். இறக்கிய பின் இணையம் இல்லாமலும் பேசும்.

லேப்டாப்புக்கு என்விடிஏ. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திட்டம், இன்றும் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் இயந்திரம்போல இருக்கும், ஆனால் தமிழ், மராத்தி, இந்தி மூன்றையும் படிக்கும். விண்டோஸில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும், காதுக்கு அது இதமாக இருக்கும். இன்செர்ட், கன்ட்ரோல், எஸ் அழுத்திக் குரல் பொறியை மாற்றலாம். ஹெட்போன் ஒற்றைக் காதில் மட்டும். இன்னொரு காது உங்களுக்கு.

நோட்ஸை முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடுங்கள், படமாக அல்ல, டாக்குமென்டாக. கரும்பலகையை போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதைத்தான் எல்லோரும் உதவி என்று நினைக்கிறார்கள். அந்தப் பையனுக்கு அது வெற்றுத் தாள்.

காது மெஷின் போட்ட பிள்ளைக்கு மைக் வாங்குவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். மெஷின் எல்லா ஒலியையும் பெருக்கும்: உங்கள் குரல், மின்விசிறி, பெஞ்ச் இழுக்கும் சத்தம், மழைக்காலத்தில் தகரக் கூரை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாது, ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி மெய்யெழுத்துகளைக் கலக்கிவிடும். வலி, வழி, வளி மூன்றும் ஒன்றாகக் கேட்கும். பேசுபவரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் அதிகமாக இருக்க வேண்டும் என்பது வகுப்பறைகளுக்குச் சொல்லப்படும் அளவு. தொண்டை கிழியக் கத்தினாலும் கடைசி பெஞ்சில் அது கிடைக்காது. வாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக்கில் கிடைக்கும்.

லேமிங்டன் ரோடு மின்னணுக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குள் இவை உண்டு. வாங்கும்போது ரிசீவர் போனில் செருகும் வகையா என்று பாருங்கள். புளூடூத் ஸ்பீக்கரோடு இணைப்பதைத் தவிருங்கள். குரல் ஒரு கணம் தாமதித்து வருவதால் உங்கள் உதடு ஒன்று சொல்ல ஒலி இன்னொன்று சொல்லும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அது சித்திரவதை.

ரிசீவரை அவள் மேசையில் இருக்கும் போனில் செருகி கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் திறந்தால் நீங்கள் பேசப் பேச எழுத்து ஓடும். தமிழ் உண்டு, இணையம் வேண்டும். மைக் இல்லாமல் வெறும் போனை மேசையில் வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் பேச்சுதான் எழுத்தாகும். “இந்த ஃபிராக்ஷனை டிவைட் பண்ணிட்டு” என்ற வாக்கியத்தில் அது தடுமாறும், திருநெல்வேலிப் பேச்சிலும் தடுமாறும். அமைப்பில் இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு தொடுதலில் மாற்றிக்கொள்ளலாம். அன்றைய பாடத்தின் புதுச் சொற்களைப் பலகையின் ஓரத்தில் முன்பே எழுதிவிடுங்கள், தப்பாக வந்த சொல்லை அவளே திருத்திப் புரிந்துகொள்வாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டிவிடும். மெஷினின் அளவே சரியில்லை என்று தோன்றினால் பாந்த்ராவில் அலியாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. கேட்டல் பரிசோதனை அவர்கள் வேலை.

வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனிக் கருவி வேண்டாம். அதே வேர்ட் கோப்பு, 16 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு. இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கிடையே வெற்றிடம் ஆறுபோல ஓடும், கண் வழுக்கும். வாசிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டிக்கொண்டே போகும் குரல் வாசிப்பு இவர்களுக்கு நன்றாக உதவும். எழுதக் கை ஓடாதவர்கள் கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தித் தமிழில் சொல்லியே எழுதலாம். நிறுத்தற்குறிகளைப் பிறகு கையால் போட வேண்டும். பேச்சே வராத பிள்ளை வகுப்புக்கு வந்தால், மும்பை பவாய் பகுதியில் உள்ள ஐஐடி உருவாக்கிய ஜெல்லோ என்ற படப் பேச்சு ஆப் இலவசமாகக் கிடைக்கிறது.

புரொஜெக்டர் பற்றிச் சுருக்கமாக: பகல் வெளிச்சத்தில் வெளுத்த நிறங்கள் மறைந்துவிடும். வெள்ளையில் கறுப்பு, 28 புள்ளிக்குக் குறையாமல், ஒரு பக்கத்துக்கு ஆறு வரி. சிவப்பில் உள்ளவை சரி, பச்சையில் உள்ளவை தவறு என்று நிறத்தை மட்டும் நம்பிக் குறிக்காதீர்கள், நிறக்குருடு உள்ள பையன்கள் சொல்லாமலே இருப்பார்கள். திரையில் காட்டுவதை வாயாலும் சொல்லுங்கள். ‘இது இங்கே போகும்’ என்று சொன்னால் பார்வை இல்லாதவனுக்கு எதுவும் போய்ச் சேராது.

தேர்வு. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்வதை எழுதுபவர் வசதியும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் சொல்லப்பட்டிருந்தன. உங்கள் வாரியத்தில் எந்தச் சான்றிதழ், எந்தப் படிவம் என்பதைத் தலைமையாசிரியர் மூலம் இப்போதே கேட்டுவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வர மாதக் கணக்காகும். கணினியில் எழுத அனுமதி கேட்பதாக இருந்தால் அந்தப் பையன் ஜூனிலிருந்தே வகுப்புத் தேர்வுகளைக் கணினியில் எழுதிப் பழகியிருக்க வேண்டும். தமிழ் 99 விசைப்பலகையில் கை பழக சில மாதங்கள் பிடிக்கும், அதுவரை அவன் விடையைவிட விசையைத்தான் தேடிக்கொண்டிருப்பான்.