வங்கி தரும் கடன் யாருடைய பணம்?

கேள்வி (பரந்தனிலிருந்து ஒரு வாசகர்): காலபோக நெற்செய்கைக்காகக் கிளிநொச்சியிலுள்ள வங்கியொன்றில் 3 இலட்சம் ரூபாய் கடன் பெற்றேன். ஊரவர்கள் வங்கியில் போட்ட காசைத்தான் எனக்குத் தருகிறார்கள் என்கிறார் என் அண்ணர். உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் மகளோ, வங்கியே அந்தப் பணத்தை உண்டாக்குகிறது என்று வாதிடுகிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதே சரி, ஆனால் அண்ணரை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது.

கடன் தொகை உங்கள் கணக்குக்கு வந்த நாளில் வங்கியின் ஏட்டில் இரண்டு பதிவுகள் ஒருங்கே விழுந்திருக்கும். நீங்கள் திருப்பித் தரவேண்டிய 3 இலட்சம் அதன் சொத்துப் பக்கத்திலும், உங்கள் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட 3 இலட்சம் அதன் பொறுப்புப் பக்கத்திலும் (அதாவது வங்கி பிறருக்குத் தரவேண்டியவற்றின் பக்கத்தில்) எழுதப்பட்டன. அதற்காக அயலவர் எவருடைய வைப்பிலிருந்தும் ஒரு சதம்கூடக் கழிக்கப்படவில்லை. அதற்கு முந்தைய நாள்வரை நாட்டில் இல்லாத 3 இலட்சம் ரூபாய் அன்று புதிதாகப் பிறந்தது. பாடநூல்கள் பல இதைத் தலைகீழாகச் சொல்லிவருவதை அந்நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே 2014 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டியிருக்கிறது.

அண்ணரின் பேச்சுக்கு இடம் வருவது அடுத்த கட்டத்தில். உரக்கடைக்காரருக்கு நீங்கள் பணம் அனுப்பும்போது அவருடைய கணக்கு வேறொரு வங்கியில் இருந்தால், உங்கள் வங்கி மத்திய வங்கியில் தான் வைத்திருக்கும் இருப்பிலிருந்து அத்தொகையை மற்ற வங்கிக்குத் தீர்த்தாக வேண்டும். அந்த இருப்பு வற்றாமலிருக்க வைப்புகள் வந்துகொண்டே இருக்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் காசைக்கூட விடாமல் வங்கிகள் தேடி வருவது இதனால்தான்.

ஆகவே விரும்பிய அளவு பணத்தை எந்த வங்கியாலும் உண்டாக்கிவிட முடியாது. வைப்புகளில் ஒரு பங்காக வங்கிகள் மத்திய வங்கியில் கட்டாயம் வைத்திருக்கவேண்டிய நியதி ஒதுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து 2 சதவீதமாக இருப்பதால் வைப்பைப்போல ஐம்பது மடங்கு கடன் கொடுக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவதுண்டு. அது வெறும் காகிதக் கணக்கு. வங்கியின் சொந்த மூலதனமும், கடன்காரரின் திருப்பிச் செலுத்தும் வலுவும், வட்டி வீதமுமே உண்மையான கடிவாளங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் கடன் வட்டியை வழிநடத்தும் தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, கடன் கேட்டு வங்கிப் படியேறவே பலர் தயங்கினார்கள். புதிய பணம் பிறப்பதும் அந்த அளவுக்குக் குறைந்தது.

அறுவடை முடிந்து நெல்லை விற்று நீங்கள் கடனை அடைக்கும்போது இரண்டு பதிவுகளும் சேர்ந்தே நீங்கும். பிறந்த பணம் அத்துடன் மறைந்துவிடும். நீங்கள் கட்டும் வட்டி மட்டும் வங்கியின் வருமானமாகி, ஊழியர் சம்பளமாகவும் வைப்பாளருக்கான வட்டியாகவும் மீண்டும் வெளியே வரும். வெள்ளத்தில் வயல் அழிந்து நீங்கள் கட்டமுடியாமல் போனாலோ, பணம் உரக்கடைக்காரரின் கணக்கில் அப்படியே இருக்க, வங்கியின் சொத்து அறவிடமுடியாக் கடனாகி அதன் மூலதனத்தை அரிக்கும். காணி உறுதியையும் பிணையாளிகளையும் கேட்டு அவர்கள் உங்களை அலைக்கழிப்பது எரிச்சலைத் தந்தாலும், அதற்குக் காரணம் இருக்கிறது.

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி): நுண்நிதி நிறுவனங்களும் இப்படித்தான் பணத்தை உண்டாக்குகின்றனவா? அப்படியானால் வாராவாரம் வாசலுக்கு வந்து ஏன் இத்தனை நெருக்குகிறார்கள்?

பதில்: வைப்பு ஏற்க உரிமம் இல்லாத நிறுவனத்தால் அது முடியாது. அது உங்கள் பெயரில் ஏட்டில் ஒரு தொகையை எழுதினாலும், கடைக்காரர் எவரும் அந்த எழுத்தைக் காசாக ஏற்கமாட்டார். அதனால் ஏற்கெனவே உள்ள பணத்தை வங்கியிடமோ முதலீட்டாளரிடமோ கடனாகப் பெற்று, அந்த வட்டிக்கு மேல் தன் செலவையும் இலாபத்தையும் ஏற்றி உங்களுக்குத் தருகிறது. ஊர்ச் சீட்டிலும் புதிய பணம் பிறப்பதில்லை. பத்துப் பேருடைய காசு ஒருவர் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் சீட்டில் விழும் கழிவு பெரும்பாலும் அங்கத்தவருக்குள்ளேயே பங்காகிறது. நுண்நிதி வட்டியோ ஊரைவிட்டே போய்விடுகிறது. உங்கள் தவணை பிந்தினாலும் அந்த நிறுவனம் தான் வாங்கிய கடனுக்கு உரிய நாளில் கட்டியே ஆகவேண்டும் என்பதால், அந்த நெருக்கடி அப்படியே உங்கள் வாசலுக்கு வந்துசேர்கிறது.