படகு குஷன்களைக் குறைந்த செலவில் புதுப்பித்தல்: கேள்வி பதில்

கேள்வி (பிச்சாவரம்): ஐயா, உப்பங்கழியில் ஓடும் எங்கள் சிறு படகின் குஷன்கள் நாள் முழுவதும் வெயிலில் கிடந்தும் ஈரம் போவதில்லை. ஃபோமை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் கழுவிப் பாருங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே உப்புநீர் ஊறிய ஃபோம் பகலில் காய்ந்ததுபோலத் தோன்றினாலும் இரவில் மறுபடியும் ஈரமாகிவிடும். உறையைக் கழற்றி, ஃபோமை நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அமிழ்த்தி, முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அழுத்தி நீரை வெளியேற்றி, காற்றோட்டமான நிழலில் நிறுத்தி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் முழங்காலால் அழுத்திவிட்டு எழுந்திருங்கள். பள்ளம் உடனே மேலெழுந்தால் அது இன்னும் உழைக்கும். பள்ளம் அப்படியே நின்றாலோ, தேய்த்த விரலில் மஞ்சள் தூள் ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள்.

கேள்வி (ஆலப்புழை): ரெக்ஸின் நன்றாக இருந்தும் தையல் விட்டுப்போகிறது. கடைக்காரர் புது உறையே போடச் சொல்கிறார்.

பதில்: தேவையில்லை. நகத்தால் சுரண்டினாலே நூல் அறுகிறதென்றால் அது இற்றுப்போன பருத்தி நூலாக இருக்கலாம். தடித்த பாலியஸ்டர் நூலை வாங்கிக் கொடுத்து, இயந்திரச் சக்கரத்தைக் கையால் சுற்றி, பழைய ஊசித் துளைகளிலேயே தைக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே புதுத் துளைகள் விழுந்தால் ரெக்ஸின் அந்த வரிசையோடு கிழிந்துவிடும்.

கேள்வி: மழைநீர் இறங்காதிருக்க ஃபோமைப் பாலித்தீன் உறையில் சுற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தையல் துளை வழியாக நீர் எப்படியும் உள்ளே புகும். பாலித்தீன் அதை வெளியேற விடாது. நீரைத் தடுப்பதைவிட அது இறங்கிப்போக வழிவிடுவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. குஷனின் அடிப்புற ரெக்ஸினை வெட்டியெடுத்துவிட்டு, அங்கே பி.வி.சி. பூசிய வலைத்துணியைத் தைத்துவிடுங்கள். வெயில் படாமல் இருந்த அந்த அடித்துண்டு இன்னும் மென்மையாகவே இருக்கும். மேற்புறக் கிழிசல்களுக்கு உள்ளிருந்து ஒட்டுப்போட அதே நிறத்தில், செலவில்லாமல், அதைவிடப் பொருத்தமான துண்டு கிடைக்காது. குஷன் பிளைவுட் பலகைமேல் அமைந்திருந்தால் பலகையில் அரை அங்குலத் துளைகள் போட்டு, உறையைப் பலகையோடு பிடித்து நிறுத்தத் துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்ளர் பின்களையே அடியுங்கள். சாதாரண பின் துருவேறி உறையையும் கறைப்படுத்தும்.

கேள்வி (கொடைக்கானல்): ஏரிப் படகின் வெள்ளைக் குஷன்களில் கரும்பூஞ்சை.

பதில்: வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தடவி, அரை மணி நேரம் கழித்து மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அது நூலைப் பலவீனப்படுத்தும். ரெக்ஸினின் பின்துணி வரை ஊறிய கறை மட்டும் போகாது.

கேள்வி: புது ஃபோமை உறையின் அளவுக்கே வெட்டினேன், மூலைகள் தொளதொளவென்று இருக்கின்றன.

பதில்: நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் கூட்டி வெட்டியிருக்க வேண்டும். வெட்டியதை வீணாக்க வேண்டாம். மேற்புறத்திலும் பக்கங்களிலும் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பைச் சுற்றி உறையில் நுழைத்தால் மூலைகள் நிரம்பிவிடும். அடிப்புறத்தை மட்டும் சுற்றாமல் விடுங்கள், நீர் இறங்க வேண்டிய வழி அதுதான்.