சியோலில் நாலு பேர், 80,000 வோன்: கறி சுட்டுச் சாப்பிட எந்தக் கடை?

ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பயிற்சிக்காக நாங்கள் நாலு பேர் சியோல் போகிறோம். ஒரு ராத்திரியாவது மேசையிலேயே கறி சுட்டுச் சாப்பிட ஆசை. தலைக்கு 20,000 வோனுக்கு மேல் முடியாது. எங்களில் ஒருவர் மாட்டுக்கறி தொடமாட்டார். அளவில்லாமல் போடும் கடைக்குப் போவதுதானே லாபம்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாலு பேரும் வெளுத்துக்கட்டும் ஆட்களாக இருந்தால் மட்டும்தான் லாபம். 'முஹான் ரிபில்' என்று பலகை வைத்திருக்கும் அந்தக் கடைகளில், மேசையில் உட்காரும் எல்லோரும் ஒரே பணம் கட்டவேண்டும். "எனக்குச் சோறு போதும்" என்று ஒருவர் ஒதுங்க முடியாது. கறி பெரும்பாலும் உறையவைத்த இறக்குமதிச் சரக்கு. பல கடைகளில் இத்தனை நிமிடம் என்று கணக்கும் உண்டு. தட்டில் மிச்சம் வைத்தால் அபராதம் வேறு. அதற்குச் 'சுற்றுச்சூழல் கட்டணம்' என்று கௌரவமான பெயர். முதல் தடவை போனபோது அந்தக் கட்டணத்துக்குப் பயந்து கடைசி ஏழெட்டுத் துண்டுகளைத் தண்ணீரோடு விழுங்கியவன் நான். அது சாப்பாடே இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது சாதாரணப் பன்றிக்கறிக் கடை. மாடு வேண்டாம் என்பவர் கூட வருவது ஒரு வகையில் நல்லதுதான். 'ஹன்வு' எனப்படும் நாட்டு மாட்டுக் கறியில் ஒரு பங்குக்கே உங்கள் தலைக்கணக்கு முழுதும் போய்விடும். விலைப்பட்டியலில் 'துவேஜி' என்றால் பன்றி, 'சோ' என்றால் மாடு. இந்த இரண்டு சொல்லை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். விலையைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள். பட்டியலில் இருப்பது ஒரு பங்கின் விலை. அதை 'இன்புன்' என்பார்கள். அந்தப் பங்கு கடைக்குக் கடை 150 கிராமாகவும் இருக்கும், 200 கிராமாகவும் இருக்கும். இந்தக் குழப்பத்துக்காகவே 2013 முதல் உணவகங்கள் கறி விலையை 100 கிராம் கணக்கில் காட்டவேண்டும் என்று விதி வந்தது. சில கடைகளில் அது பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். ஒரு கடையில் 150 கிராம் 14,000 வோன், பக்கத்துக் கடையில் 200 கிராம் 17,000 வோன் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைதான் மலிவு என்று கால் தானாக அங்கே போகும். ஆனால் 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் அங்கே 9,300 வோனுக்கு மேல், இங்கே 8,500தான்.

இரண்டாவது கடையில் நாலு பங்கு 68,000. முடிவில் வறுத்த சோறு இரண்டு, 3,000 வீதம் 6,000. சோஜு என்ற கொரியச் சாராயம் ஒரு பாட்டில் 5,000. ஆக 79,000. வரி விலைக்குள்ளேயே அடக்கம், டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆனால் சியோலில் சம்க்யோப்சல் எனப்படும் பன்றி வயிற்றுக்கறி 200 கிராமின் சராசரி விலை 2024 மே மாதத்திலேயே 20,000 வோனைத் தாண்டிவிட்டது. அதனால் 17,000க்குக் கிடைக்கும் கடையை சுற்றுலாத் தெருக்களில் தேடாமல், சின்சோன் மாதிரி மாணவர்கள் புழங்கும் பேட்டைகளில் தேடுங்கள்.

சம்க்யோப்சல் என்றால் 'மூன்று அடுக்குச் சதை' என்று பொருள். கொழுப்பு ஆகாதவர்களுக்குக் கழுத்துப்பகுதியான 'மொக்சல்'. இருப்பதிலேயே மலிவு 'தேபே'. கொரிய மொழியில் அது தச்சரின் இழைப்புளி. உறைந்த கறியை இழைப்புளியில் சீவிய மரச்சுருள் போலவே மெல்லிசாகச் சீவித் தருவார்கள். தட்டில் மலைபோலத் தெரியும். சூடு பட்டதும் சுருங்கி ஒரு கைப்பிடி ஆகிவிடும். அதனால்தான் குறைந்தது மூன்று, நாலு பங்கு வாங்கவேண்டும் என்று அந்தக் கடைகளில் எழுதியிருப்பார்கள். மற்ற கடைகளிலும் முதல் ஆர்டர் குறைந்தது இரண்டு பங்கு, அதுவும் ஒரே வகையில். சோயாவும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்த 'துவேஜி கல்பி' என்ற பன்றி விலாக்கறி வேண்டுமென்றால் கடைசியில் கேளுங்கள். அது சுடும் தட்டை அடிப்பிடிக்க வைக்கும், அப்புறம் எதைப் போட்டாலும் கரிவாடைதான். தட்டு கருகிவிட்டால் மாற்றச் சொல்லலாம், காசு கிடையாது.

சுடுவதில் பதற்றம் வேண்டாம். பல கடைகளில் அவர்களே வந்து சுட்டுத் தருவார்கள். நீங்களே சுடுவதானால், தட்டுக்கு மேலே கையைக் காட்டிச் சூடு உறைத்த பிறகுதான் கறியைப் போடவேண்டும். தடித்த துண்டைத் தொட்டுத் தொட்டுப் புரட்டாதீர்கள். மேல்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். அப்போது ஒரு புரட்டு. அடிப்பக்கமும் பொன்னிறமானதும் இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் வாய்க்கு அளவாக வெட்டி, வெட்டிய பக்கங்களும் சிவக்கவிடுங்கள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கொழுப்பு ஓடிவரும் அந்தத் தாழ்ந்த ஓரத்தில் கிம்ச்சியை, அதாவது காரமாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸை, பரப்புங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கிம்ச்சிக்காகத்தான் கறியே சுடுகிறார்கள்.

கீரை இலையில் ஒரு துண்டு கறி, சம்ஜங் என்ற காரத் துவையல், ஒரு சீவல் பூண்டு வைத்து மடித்து ஒரே வாயில் போடவேண்டும். கடித்துக் கடித்துத் தின்றால் எல்லாம் மடியில் விழும். தொடுகறிகள் தீர்ந்தால் திரும்பக் கேட்கலாம். பல இடங்களில் நீங்களே போய் எடுத்துக்கொள்ளலாம்.

மாட்டுக்கறி தொடாத நண்பருக்கு ஒரு எச்சரிக்கை. முடிவில் எல்லோரும் கேட்கும் 'நேங்ம்யோன்' என்ற குளிர் நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் மாட்டு எலும்பிலும் கறியிலும் எடுத்தது. அவருக்குத் தட்டிலேயே வறுத்துத் தரும் சோறுதான் சரி. அதிலும் 'சோ' இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

ஆளைக் கூப்பிட மேசையில் பொத்தான் இருக்கும். இல்லாவிட்டால் "யோகியோ" என்று குரல் கொடுக்கலாம். பரிமாறும் வயதான பெண்களை 'இமோ' என்பார்கள், அம்மாவுடன் பிறந்தவள் என்று அர்த்தம். நம் மெஸ்ஸில் 'அக்கா, கொஞ்சம் சாம்பார்' என்கிற அதே உரிமைதான். கரண்டியும் குச்சியும் வைக்கவில்லையே என்று விழிக்காதீர்கள், மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். உட்காரும் வட்ட முக்காலியின் மூடியைத் தூக்கினால் உள்ளே காலியாக இருக்கும். கோட்டை அதற்குள் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் பயிற்சிக்குப் போடவேண்டிய சட்டையை மட்டும் அன்று போட்டுக்கொண்டு போகாதீர்கள். அந்தப் புகைவாடை ஒரு துவைப்பில் போகாது.